ரேஸ் கார் கம்பெனியின் ஜீப்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் மில் சட்டை போட்ட இருவர். ஒருவர் கைப்பேசியைக் காட்டிக் கொதித்தார்.

"பாரு மாப்ள, ரேஸ் கார் கம்பெனிக்காரன் காடுமேடெல்லாம் ஓடுத ஜீப்பு போட்டிருக்கான். பேரையே கெடுத்துக்கிட்டான்!"

"ஏன் மச்சான், சேலைக்கு நூல் நூத்த நம்ம மில்லு இப்போ பேண்டேஜ் துணி போடுது. நம்ம பேரு கெட்டுப்போச்சா?"

"அது வேற."

"என்ன வேற? பட்டாளத்துல என் தம்பிக்குக் கால்ல அடிபட்டப்போ சுத்துனது நம்ம மில்லுத் துணி. கவருல ஊர்ப்பேரப் பாத்துட்டு, அந்த வலியிலயும் சிரிச்சானாம். அவன மலையவிட்டு எறக்குனது ஜீப்புதான்."

மச்சான் கைப்பேசியை மறுபடி உற்றுப் பார்த்தார்.

"அப்போ ஜீப்பு போடட்டும். பின்கதவ மட்டும், ஆளப் படுக்கவச்சு ஏத்துத மாதிரி அகலமா வைக்கச் சொல்லு."