தப்பே வராத பாடம்

எனக்கும் சின்ன வயதில் வீட்டுப்பாடம் என்றால் வேப்பங்காய்தான். அதனால் ஃபின்னிஷ் மொழி கற்றுத்தரும் எங்கள் செயலியை மூன்றாம் வாரத்திலேயே கைவிட்டவர்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

நீங்கள் விசாரணை அதிகாரி, முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். நட்சத்திரம், பதக்கம், விடாமல் படித்த நாட்கள் என்று எதைக் காட்டினாலும் படிப்பு போதையாவதில்லை. கடை வாசல் சூதாட்டப் பெட்டியில் காசைப் போட்டுப் பொத்தானை அழுத்துகிறவனுக்கு மூளையைக் கசக்க வேண்டியதில்லை. பாடம் அப்படியல்ல, உண்மையிலேயே எதையாவது கற்கத் தொடங்கும் இடத்தில் தலை வலிக்கும். சரியாக அந்த இடத்தில்தான் எல்லோரும் கைபேசியைக் கீழே வைத்தார்கள். தாம்பெரே நகரில் எங்கள் அலுவலகத்தில் அதைக் கண்டுபிடித்தவள் நான்.

“அப்போ அந்த வலியை எடுத்துடேன், மார்யுத்,” என்றார் முதலாளி ஆந்தேரோ.

எடுத்தேன். தெரிந்த வாக்கியங்களையே திருப்பித் திருப்பிப் போட்டேன். தவறான விடையைக் குழந்தைகூடத் தொடாதபடி அமைத்தேன். நிலை மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஆட்கள் ஒட்டிக்கொண்டார்கள்.

எங்கள் அலுவலகத்தைத் துப்புரவு செய்த செனாயித்தும் ஒட்டிக்கொண்டார். எரித்திரியாவிலிருந்து கணவர் கிடானேயோடு வந்தவர். செவ்வாய், வியாழன் மாலை ஐந்து மணிக்கு நகராட்சி மொழி வகுப்புக்குப் போவார். ஒருநாள் வாளியை ஓரமாக வைத்துவிட்டுக் கைபேசியை நீட்டினார்.

“வகுப்புல வாயைத் தொறந்தாலே தப்புங்கறாங்க. உன்னோடதுல எனக்குத் தப்பே வர்றதில்ல பாரு.”

எனக்கு அப்போதே சுருக்கென்றது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். செய்தது வேறு. அந்த இரண்டு நாளும் ஐந்து மணிக்குப் பலர் எங்களை விட்டுவிட்டு வகுப்புக்குப் போவது என் திரையில் தெரிந்தது. அந்த நேரத்தில் செயலியில் படித்தால் மட்டும் இரண்டு மடங்கு மதிப்பெண் என்று வைத்தேன். ஒரே மாதத்தில் செனாயித் வகுப்பை நிறுத்திவிட்டார். பதினோராம் நிலையில், ‘இனி உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை’ என்று பாராட்டு வரும். அந்த வாக்கியமும் நான் எழுதியதுதான். அதைக் காட்டி அவர் என்னைக் கட்டிக்கொண்டார். நானும் கட்டிக்கொண்டேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பிப்ரவரியில் கிடானேயின் இதய மாத்திரை பற்றி மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. அதன் பதிவை நேற்று நீங்களே எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். மொழிபெயர்ப்பாளரைச் சேர்க்கட்டுமா என்று செவிலி கேட்கிறார். வேண்டாம், எனக்கே தெரியும் என்கிறார் செனாயித். பழையதை நிறுத்திவிட்டுப் புதியதைக் கொடுங்கள் என்கிறார் செவிலி. “புரியுது, ரொம்ப நன்றி,” என்கிறார் இவர். உச்சரிப்பில் ஒரு பிசிறில்லை.

இரண்டு மாத்திரையையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார். ஆறாம் நாள் கிடானே குளியலறையில் விழுந்தார். எழவில்லை.

செனாயித் படித்த பாடங்களின் பதிவு ஏன் காணோம் என்று கேட்டீர்கள். அடக்கத்துக்குக் கிளம்பும் முன் நான்தான் அழித்தேன். ஆந்தேரோவுக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்து, தேவாலயக் கூடத்தில் எல்லோருக்கும் ரொட்டியும் காப்பியும் கொடுத்தார்கள். செனாயித் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“தப்பு என்னோடதுதான். நான் இன்னும் நல்லாப் படிச்சிருக்கணும், இல்ல மார்யுத்?”

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தட்டிலிருந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டே, “ஆமா, இன்னும் கொஞ்சம் பழகியிருக்கலாம்,” என்றேன்.

அவர் மனம் ஆறட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.