அவனை உட்கார விடுங்கள்

தலைமை தாங்கும் அண்ணாச்சி செந்தூர்பாண்டி அவர்களே! முந்தானையால் முகம் துடைக்கும் தாய்மார்களே! துறைமுகத்தின் தோள்களே, முத்தையாபுரத்தின் முதுகெலும்பே, சுமைப்பணித் தோழர்களே! கணவன் மாசானத்தை இழந்து ஓராண்டாகியும் கண்ணீர் காயாத என் மதினி சங்கரம்மாள் அவர்களே! முத்துச்செல்வத்தின் வணக்கம்.

இந்த நினைவுக் கூட்டத்தில் மாசானத்தின் உழைப்பைப் பேசத்தான் அழைத்தீர்கள். மன்னியுங்கள், அவன் செத்த விதத்தைப் பேசப்போகிறேன்.

கிரேன் கொக்கி ஆடி வந்து அவன் முகத்தில் அடித்தது. மேல்தாடை உள்ளே போய்விட்டது. மூக்கிலும் வாயிலும் ரத்தம்! என்ன செய்தோம்? அடிபட்டவனை மல்லாக்கப் போட்டு, தலையை மடியில் தாங்கி, சோடாவை முகத்தில் அடிப்பதுதானே நம் வழக்கம்? அன்போடு செய்தோம், அவசரமாகச் செய்தோம், அறியாமல் செய்தோம்! எழுந்து உட்காரப் பார்த்தான், அழுத்தினோம். மறுபடி எழுந்தான், மறுபடியும் அழுத்தினோம். "ஏலே, அசையாம கெடலே!"

ஆம்புலன்ஸ் வருமுன் அடங்கிவிட்டான். வலி குறைந்துவிட்டது என்று நினைத்தோமே, பாவிகள்!

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபசுதா, நம்ம நாசரேத்து ஊர்ப் பிள்ளை, என்னிடம் தலைகுனிந்து சொன்னார்: "அண்ணாச்சி, முகத்தெலும்பு ஒடைஞ்சா மொதல்ல மூச்சைப் பாக்கணும். நெனவோட இருந்த மனுசனை உக்காந்து முன்னால குனிய விட்டிருந்தா ரத்தம் வெளிய வந்திருக்கும். மல்லாக்கக் கெடந்ததால தொண்டையை அடைச்சிட்டு."

என்ன தம்பி கேட்கிறாய்? நினைவு தப்பிவிட்டால் என்ன செய்வதா? நல்ல கேள்வி! கழுத்து திரும்பாமல், தலையையும் உடம்பையும் சேர்த்து ஒருக்களித்துப் படுக்க வை. மூக்கில் பஞ்சு திணிக்காதே. வாயில் தண்ணீர் ஊற்றாதே.

அன்று அவன் நெஞ்சை அழுத்தியவன் யார்? எதிரியா? இல்லை. இருபது வருடம் அவனோடு மூட்டை தூக்கிய நான்!

மதினி! சாவு வீட்டில் கேட்டீர்களே, "கடைசியா எதுவும் சொன்னாவளா?" என்று. "இல்ல மதினி, நிம்மதியாப் போயிட்டான்" என்றேன். பொய்! பேச முடியாமல் என் மணிக்கட்டைத் தட்டினான், தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான். விடச் சொல்கிறான் என்று விளங்கவில்லை எனக்கு. வலியில் துடிக்கிறான் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

கைதட்டாதீர்கள், தோழர்களே. நாளை எவனாவது ரத்த முகத்தோடு எழுந்து உட்காரத் தவித்தால், அவன் முதுகைத் தாங்குங்கள், அது போதும். பொறுமையாகக் கேட்ட சபைக்கு நன்றி. மதினி, உங்களிடம் நன்றி சொல்லி முடிக்க எனக்குத் துணிவில்லை. கும்பிடுகிறேன்.