மாமனார் கேட்ட பெண்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னதைக் கேட்டுத்தான் நான் செய்தித்தாளை மடித்தேன்.

"அண்ணி, மாமா நேத்து என்னைப் பொண்ணு கேட்டாரு."

மூத்தவர் திரும்பினார். "எங்கப்பாவா? யாருக்கு?"

"அவரு புள்ளைக்குத்தான்."

"ஏண்டி ஸ்டெல்லா, என் தம்பிய நீ கட்டிக்கிட்டு பதினெட்டு வருஷம் ஆவுது."

"அவருக்குத்தான் மறதி நோயாச்சே, என்னை யாருன்னே தெரியல. சோறு ஊட்டிக்கிட்டிருந்தேன். 'நல்லா பாத்துக்கிறியேம்மா, எந்த ஊரு'ன்னாரு. குமராட்சின்னேன். 'எம்புள்ள ஒருத்தன் இருக்கான், கட்டிக்கிறியா'ன்னாரு."

"வேதக்காரப் பொண்ணுன்னு அப்பல்லாம் உன் கையால தண்ணிகூட வாங்கமாட்டாரு."

"நாங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்கன்னு அவருகிட்ட சொன்னேன் அண்ணி. 'இருந்தா என்ன'ன்னுட்டாரு."

அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மூத்தவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு வருஷமா ஒத்தையா கெடந்து பாக்குற. இன்னிக்கி தம்பிய அப்பாகிட்ட வுட்டுட்டு என்னைக் கூட்டிப்போக வந்திருக்க. இந்த வாரம் மட்டுமில்ல, இனிமே மாசாமாசம் ஒரு வாரம் நான் வந்து அப்பாவ பாத்துக்கறேன். நீ உங்கம்மா வூட்டுக்குப் போயி நல்லா தூங்கு."

"சரி அண்ணி."

பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"ஆமா, எங்கப்பாவுக்கு என்ன பதில் சொன்ன?"

"வீட்ல கேட்டுச் சொல்றேன்னேன்."