இரண்டாம் வாயிலை விட்டுச் சிங்கப்பூர் வாயிலுக்குச் செல்பவருக்கு

திருவொற்றியூர் வடகடல் சரக்குப் பெட்டக நிலையத்தின் இரண்டாம் வாயிலில், நுழைவு அனுமதிச் சீட்டுப் பிரிவை முப்பத்துநான்கு ஆண்டுகள் கட்டிக் காத்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் மூத்த எழுத்தர் உயர்திரு லோகநாதன் அவர்களுக்கு, உடனுழைத்த தோழமைகள் உவகையோடும், உள்ளத்தில் ஓரளவு நிம்மதியோடும் வாசித்தளிக்கும் மடல்.

வாயில் காத்த வேங்கையே! வரிசை குலையாத வாய்மையே! வெள்ளைச் சட்டைக்கு விளக்கவுரையே! வணக்கம்.

பாராட்டு மடலென்றால் பொய்யும் கொஞ்சம் கலக்கவேண்டும் என்பது ஊர் வழக்கம். கலப்படத்துக்கு இடமே கொடுக்காத ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததால் நடந்ததையே எழுதியிருக்கிறோம். நடந்ததே போதுமானதாக இருக்கிறது.

கண்டிப்பின் கலங்கரை விளக்கமே!

எண்ணூர் விரைவுச் சாலையின் புழுதியைப் போர்த்திக்கொண்டு வந்து நிற்கும் லாரிகளின் வரிசையில், கடைசி வண்டியில் கண்ணயரும் ஓட்டுநரும் முதல் வண்டியில் மீசை முறுக்கும் முதலாளியும் உங்கள் சாளரத்தின் முன் ஒரே உயரம்தான். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர், "நான் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டபோது, "தெரியும் சார். அதையே பாஸ்ல எழுதி, போட்டோ ஒட்டி எடுத்துனு வாங்க" என்று நீங்கள் சொன்ன விடை இந்த வளாகத்தில் இன்றும் பழமொழியாகப் புழங்குகிறது. சீட்டில்லாத சிங்கத்தையும் திருப்பியனுப்பி, சீட்டிருந்த சில்வண்டையும் சிரமமின்றி உள்ளே விட்ட செம்மலே! உங்கள் வலக்கையருகே இரண்டு முத்திரைகள்: 'உள்ளே அனுமதி' ஊதா மையில், 'வெளியே அனுமதி' சிவப்பு மையில். நீட்டிய தாளை வாங்குவீர்கள், தட்டென்று குத்துவீர்கள், திருப்பித் தருவீர்கள். இதில் எந்த இடத்திலும் தலை நிமிர்ந்ததாக யாருக்கும் நினைவில்லை. எடைமேடையில் பணிபுரியும் நம் வல்லரசு தம் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து நீட்டியபோது அதிலும் 'உள்ளே அனுமதி' விழுந்தது. மாப்பிள்ளைக்கு மண்டபத்தில் தடையேதும் இருக்கவில்லை என்று கேள்வி.

இத்தனை கண்டிப்பும் வெளியாருக்கு மட்டுமா என்றால், இல்லை என்பதற்கு முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் துணைவியார் பூவம்மா அவர்களே சாட்சி. மணமான புதிதில் மீன்குழம்புச் சோற்றைத் தூக்குக் கேரியரில் எடுத்துக்கொண்டு, காசிமேட்டு வெயிலைவிடக் கொடிய எங்கள் கேட்டு வெயிலில் அவர் வந்து நின்றார்.

"இன்னாய்யா இது, சோறு எடுத்தாந்தவளுக்கும் சீட்டா?"

"பார்வையாளருக்குத்தான் பாஸ் வேணும் பூவம்மா, சோத்துக்கு வேணாம். சோத்த மட்டும் குட்த்துட்டுப் போ."

சோறு உள்ளே வந்தது. சோறு சமைத்தவர் வெளியே நின்றார். அன்றிலிருந்து அவர் இந்த வாயில் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும் என்று மேடையிலிருந்து முறைக்கவேண்டாம். எங்கள் தபால் பிரிவு ரமாபாய் உங்கள் எதிர்வீட்டில் குடியிருக்கிறார். தெரு குறுகலானது, உங்கள் சன்னல் அகலமானது.

ரமாபாய் அறிந்து வந்து எங்களுக்கு அருளியதாவது: காசிமேட்டில் பிறந்த பூவம்மாவுக்கு, கரையில் நின்று கப்பல்களைப் பார்த்தே கண் பூத்துப்போயிற்று. "இதுங்கல்லாம் எங்கய்யா போது?" என்று கேட்டபோதெல்லாம் நீங்கள் "சிங்கப்பூர்" என்பீர்கள். "பெட்டியெல்லாம் போயிட்டுப் போயிட்டு வருது. பொண்டாட்டி ஒரு தபா போவக்கூடாதா?" என்று கேட்டபோதெல்லாம் "ரிட்டயர் ஆனதும்" என்பீர்கள். ஆண்டுகள் அப்படியே ஓடின. கேட்பதையும் அவர் விடவில்லை, சொல்வதையும் நீங்கள் விடவில்லை.

சொன்ன சொல் தவறாத தூயவரே! ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போதே ராயபுரம் கல்மண்டபம் அருகில் டிராவல்ஸ் நடத்தும் சைமாவிடம் இருவருமாகப் போய், குழுவாகச் செல்லும் சுற்றுலாவில் இடம் பிடித்தீர்கள். அங்கேதான் அதிசயம் நிகழ்ந்தது. ஆயுள் முழுக்க விதி சொன்ன வாய்க்கு எதிரே இன்னொரு வாய் விதி சொல்லத் தொடங்கியது.

"பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசத்துக்கு மேல செல்லணும் சார். போக வர டிக்கெட் வேணும், தங்குற இடம் காட்டணும். விசா இல்லாம ஏற முடியாது. போட்டோ புதுசா இருக்கணும், வெள்ளை பேக்ரவுண்ட்."

நிழற்படம் தந்தீர்கள். மறுநாளே அது திரும்பி வந்தது. "வெள்ளைச் செவுரு, வெள்ளைச் சட்டை. தல மட்டும் தனியா மெதக்குது சார்" என்றார் சைமா. எத்தனை நூறு பேரின் படங்களை நீங்கள் திருப்பியனுப்பியிருப்பீர்கள்! வாழ்நாளில் முதன்முறையாக நீங்கள் நீலச் சட்டை உடுத்தித் தெருவில் இறங்கிய அந்தக் காட்சியைக் காண ரமாபாய் விடுப்பு எடுத்தார்.

அடுத்த இடி மூக்கில் விழுந்தது. அந்த நாட்டுக்குள் மூக்குப்பொடி டப்பாவுக்கு அனுமதி இல்லை. சூயிங்கம்மும் கொண்டுபோகக் கூடாது. பின்னதை நீங்கள் தொட்டதே இல்லை, முன்னதை விட்டதே இல்லை. அன்றோடு பொடியை விட்டீர்கள். தெருவில் தும்மல் நின்றதில் தூக்கம் கலைந்தவர்கள் உண்டு.

மூன்றாவதுதான் உங்களை உண்மையிலேயே உலுக்கியது. "அங்க இப்பல்லாம் பாஸ்போர்ட்ல சீலே குத்துறதில்ல சார். உள்ள வுட்டதுக்கு மெயில்ல வரும்" என்றார் சைமா. "சீல் இல்லாம எப்டிம்மா நம்புறது?" என்று அவரிடம் இரண்டு முறை கேட்டீர்களாம். பூவம்மா வீடு திரும்பும் பேருந்திலேயே சிரித்துச் சிரித்து ஓய்ந்தாராம். "அப்ப அந்த ஊர்லயும் ஒரு ரெண்டாம் கேட்டு கீது!" பிறகு ரமாபாயிடம் தம் பயணத்தின் நோக்கத்தையும் தெளிவாக அறிவித்தார்: "இவரு அங்க வரிசைல நிக்கணும்டி. வுடுவாங்களா மாட்டாங்களான்னு முழிக்கணும். அத நான் பக்கத்துல நின்னு பாக்கணும். அதுக்கோசரந்தான் போறேன்."

முத்திரைக்கே முகவரி தந்தவரே! இனி எழுதுவதை எழுதாமல் விட்டால் இந்த மடல் மடலாகாது, பொறுத்தருள்க.

விசாவுக்காகச் சைமாவிடம் ஒப்படைக்க வேண்டிய இரண்டு கடவுச்சீட்டுகளையும் ஒருநாள் அலுவலகத்துக்கு எடுத்து வந்தீர்கள். உங்களுடையது சட்டைப் பையில் இருந்தது. பூவம்மாவினுடையதை நகலெடுத்து வந்த வல்லரசு, கடைசிப் பக்கத்தை விரித்தபடியே உங்கள் சாளரத்தின் வழியாக நீட்டினார். வெளியே லாரிகள் ஒலியெழுப்பிக்கொண்டிருந்தன. உங்கள் கை வாங்கியது. தட்! 'உள்ளே அனுமதி, வாயில் 2.' ஊதா மை, அவர் கணவர் பெயர் என்று அச்சிட்டிருந்த இடத்தின்மேல், உங்கள் பெயரின் ஓரெழுத்தும் தெரியாமல் அழுந்தி விழுந்தது.

கட்டிய மனைவிக்கு ஆயுளில் முதன்முறையாக உள்ளே வர அனுமதி வழங்கினீர்கள், அண்ணலே! வழங்கிய இடம்தான் பிசகிவிட்டது.

அன்று மாலை சைமா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இத வெச்சு விசா போட முடியாது சார். சேதமான பாஸ்போர்ட்னு எழுதிக் குடுத்துப் புதுசு வாங்கணும். டூர் தேதிக்குள்ள வந்தா உங்க அதிர்ஷ்டம்" என்றார். உங்கள் விசா மட்டும் சில நாளில் வந்துவிட்டது. அவருடையதற்கு விண்ணப்பிக்கவே வழியில்லை. பூவம்மா சத்தம் போட்டிருந்தால் தெருவே நிம்மதியடைந்திருக்கும். அவர் சத்தம் போடவில்லை. "நீ போயிட்டு வா. காசு கட்டியாச்சு இல்ல. நான் இங்கருந்தே கப்பல் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னார். கூடத்தில் அடுக்கி வைத்த பெட்டியை அவர் பிரிக்கவும் இல்லை, அதன் பக்கம் போகவும் இல்லை. அந்த வாரம் உங்கள் வீட்டிலிருந்து குழம்பு தாளிக்கும் வாசனைகூட வரவில்லை என்பது எதிர்வீட்டுத் தகவல்.

வருந்திய வல்லரசு தம் பங்குக்கு ஒரு வழி சொன்னார்: "மருந்து போட்டுத் தொடச்சிக் குடுக்கற ஆளு ஒர்த்தரு கீறாரு சார். இருந்த எடமே தெரியாது." உள்ளூர நாங்களும் அதை ஆசைப்பட்டோம் என்பதை மறைப்பானேன்? நீங்கள் அன்றுதான் தலை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தீர்கள். "கள்ளப் பாஸ் எத்தினி புட்ச்சிருப்பேன்? எம் பொண்டாட்டி கள்ளப் பாஸ்ல போவமாட்டா வல்லரசு. வந்தா நேரா வருவா."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த மடலைத் தாங்கும் மரச்சட்டமும் சால்வையும். மற்றதெல்லாம் இலவச இணைப்பு.

பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அழைத்துப் போனீர்கள். வாசலில் காவலர், "அப்ளை பண்றவங்க மட்டும் உள்ள. நீங்க வெளிய நில்லுங்க சார்" என்றார். நான் யார் தெரியுமா என்று நீங்கள் கேட்கவில்லை. பூவம்மா கட்டித் தந்த சோற்றுப் பையைக் கையில் பிடித்தபடி, நிழலில்லாத நடைபாதையில், சட்டை நனைய நின்றீர்கள். உள்ளே அதிகாரி அந்தப் பக்கத்தைப் புரட்டி, "இது எந்த நாட்டு சீலும்மா?" என்று கேட்டாராம். "எங்க வூட்டுக்காரரு நாட்டுது சார். அங்க அவரு வெச்சதுதான் சட்டம். என்னியே ஒரு நாளும் உள்ள வுட்டதில்ல, பாஸ்போர்ட்ல வுட்டுட்டாரு" என்று பூவம்மா ஒளிக்காமல் உள்ளதைச் சொல்ல, பக்கத்து மேசைக்காரர்கள்வரை எழுந்து வந்து பார்த்துச் சிரித்தார்களாம். விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டு, வரும், காத்திருங்கள் என்று அனுப்பினார்கள்.

வெளியே வந்த பூவம்மா உங்களைக் கண்டார். சோற்றுப் பையைக் கண்டார். பல நாள் கழித்து உங்களிடம் வாய் திறந்தார்.

"இன்னாய்யா, வெயில் எப்டி கீது?"

நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று ரமாபாய்க்கும் தெரியவில்லை. பூவம்மாவும் சொல்ல மறுக்கிறார். எங்களுக்குத் தெரிந்தது மறுவாரம் நடந்தது: இரண்டாம் வாயிலின் வெளிப்புறத்தில் ஒரு தகரக் கூரை, ஒரு நீண்ட பெஞ்சு, ஒரு குடிதண்ணீர் கேன். மேலிடத்துக்கு நீங்களே மனு எழுதி, நீங்களே அலைந்து, நீங்களே நின்று போடவைத்தீர்கள். அதுமட்டுமா? சீட்டு நீட்டும் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினீர்கள். "இன்னா தலைவரே, மூஞ்சல்லாம் பாக்கறீங்கோ, எதனா தப்பா?" என்று ஓட்டுநர்கள் மிரண்டார்கள். விதி ஒன்றும் தளரவில்லை. சீட்டில்லாதவர் இன்றும் உள்ளே வர முடியாது. ஆனால், வெளியே உட்கார முடியும். இதுவே உங்கள் ஆட்சியின் பொற்காலம். கடைசி மூன்று மாதமே நீடித்தது என்பது மட்டும் எங்கள் குறை.

புதிய கடவுச்சீட்டு வந்தது. விசாவுக்குப் போனது. சுற்றுலாக் குழு புறப்பட ஐந்து நாளே இருக்கும் இன்றைய காலைவரை பதில் இல்லை. மாலை அணிவித்தபோது நீங்கள் சிரித்த சிரிப்பு உதட்டோடு நின்றதை நாங்கள் கவனிக்காமல் இல்லை.

விழா நடக்கையில் கைபேசியை அணைத்து வைக்கவேண்டும் என்ற விதியை நீங்கள் ஒருவர் மட்டுமே கடைப்பிடித்தீர்கள். ஆகவே சைமா ரமாபாயை அழைத்தார். கண்ணாடி போடப் போகவிருந்த மடலைத் திரும்ப வாங்கி, அச்சுக்காரரிடம் வசவு வாங்கி, இந்தக் கடைசிப் பக்கத்தை இப்போதுதான் புதிதாக அச்சிட்டோம்:

பூவம்மாவுக்கு விசா வந்துவிட்டது.

அவருக்கு முன்னமே சொல்லிவிட்டோம். முதல் வரிசையில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருப்பது அதனால்தான். இன்று காலை முதன்முறையாக இந்த வாயிலுக்குள் நுழைந்த அவருக்கு, விழாவென்றும் பாராமல் முறைப்படி பார்வையாளர் சீட்டு எழுதி, முகத்தை நிமிர்ந்து பார்த்து, நிதானமாக நீங்கள் முத்திரை குத்தியதையும் நாங்கள் பார்த்தோம்.

பயண நாயகரே! வந்து சேரும் விவரத்தை இணையத்தில் பதிய மறவாதீர். அதை இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் ஏற்பார்கள். இரத்த அழுத்த மாத்திரைக்கு மருத்துவர் சீட்டை உடன் வையுங்கள். பொடி டப்பா பெட்டியில் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பூவம்மா ஒருமுறை பார்க்கட்டும். கருவாடு கொண்டுபோகலாமா என்று அவர் கேட்ட கேள்விக்குச் சைமா இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறார். அதுவரை அதைப் பெட்டியில் வைக்கவேண்டாம். வைத்துவிட்டார் என்றும் தகவல். விசா என்பது வாசல்வரை வரத்தான் அனுமதி, உள்ளே விடுவது வாயிலில் இருப்பவர் முடிவு என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்த வரிசையில் கொஞ்சம் முழித்து நில்லுங்கள். பக்கத்தில் ஒருவர் அதைப் பார்க்கவென்றே கடல் தாண்டி வருகிறார்.

கால்கள் தளராது, கண்கள் மங்காது, சர்க்கரை ஏறாது, சம்சாரம் கோபிக்காது, கேட்டவுடன் திறக்கும் கதவுகளையும் காத்திருந்தால் திறக்கும் கதவுகளையும் இருவரும் சேர்ந்தே கடந்து, நீடு வாழ்க! நிறைந்து வாழ்க! திரும்பி வந்து எங்களைப் பார்க்க வரும்போது சீட்டு எடுத்துக்கொண்டு வருக!

ஒன்று மட்டும் மிச்சம். இந்தச் சட்டத்துக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை. நீங்கள் போகும் நாட்டில் முத்திரை குத்தமாட்டார்கள் என்பதால், புறப்படும் இடத்திலாவது ஒன்று விழட்டும் என்று கீழே இடம் விட்டிருக்கிறோம். சிவப்பு மை தயார். 'வெளியே அனுமதி' மேசைமேல் இருக்கிறது.

நீங்கள் எழவேண்டாம். பூவம்மா அம்மா, மேடைக்கு வாருங்கள். நீங்கள் குத்துங்கள்.

என்றும் உங்கள் சாளரத்தின் முன் வரிசையில் நிற்கும்,
நுழைவு அனுமதிப் பிரிவு, எடைமேடை, தபால் பிரிவுத் தோழமைகள்,
வடகடல் சரக்குப் பெட்டக நிலையம், திருவொற்றியூர்.

முத்திரை: