முதுகுக்குச் சாய்வு வைத்த சீட்

சார், சாய்ந்து உட்காருவதைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் என்னிடம் கேட்கலாம். இந்த முப்பத்தெட்டு வயதுவரை வேறு எதையும் நான் உருப்படியாகக் கற்றுக்கொள்ளவில்லை.

ஒன்பது வருடமாக அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அக்காவின் கணவர் எடை மெஷின் மெக்கானிக். நாலைந்து ஊருக்கு மோட்டார் சைக்கிளிலேயே போய் வருவார். முதுகுவலிக்காரர். வண்டிக்குச் சாய்வு வைத்த நல்ல சீட் தேடி அலைய அவருக்கு நேரமில்லை, எனக்கு நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. "நானே பாத்து வாங்கிட்டு வர்றேன் அத்தான்" என்றேன். நானாக ஒரு வேலையைக் கேட்டு வாங்கியதைப் பார்த்து அக்கா அழுதேவிட்டாள்.

ஐந்து கடை ஏறி இறங்கினேன். ஒன்றில் மெத்தை கல் மாதிரி. இன்னொன்றில் சாய்வு தோள்பட்டைக்கு நடுவே இடித்தது. மூன்றாவதில் உட்கார்ந்ததும் இடுப்பு முன்னால் வழுக்கிக்கொண்டு போனது. இடுப்புக்குச் சற்று மேலே தாங்க வேண்டும் சார், அப்போதுதான் உடம்பு தளரும். கடைக்காரர்களுக்கே இது தெரியவில்லை.

அத்தானுக்கு ஒரு பழக்கம். எங்கே சாய்ந்தாலும் தூங்கிவிடுவார். பல் டாக்டரின் நாற்காலியில்கூட வாயைத் திறந்தபடி தூங்கியிருக்கிறார். பழைய சீட்டைப் பற்றி அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்: "இது குத்துறதாலதான் மச்சான், மத்தியானம் சாப்பிட்டப்புறமும் முழிச்சுக்கிட்டு ஓட்டுறேன்." யார் சொல்வதையும் காதில் போட்டுக்கொள்ளாத நான், இதை மட்டும் போட்டுக்கொண்டேன்.

நல்ல மனுஷர். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஆனால் நான் சீட் தேடக் கிளம்பியதற்கு முந்தின வாரம்தான் ஒரு கிடங்கில் எனக்கு வேலை பேசி முடித்திருந்தார். காலை ஏழு மணிக்குப் போக வேண்டும், நாள் முழுக்க நின்றபடி வேலை. "முதலாளிகிட்ட வாக்குக் குடுத்துட்டேன், என் மானத்த வாங்கிடாத" என்றார். அவர் இருக்கும்வரை தப்பிக்க வழியில்லை.

ஐந்தாவது கடையில் சாய்ந்ததும் எனக்கே கண் சொருகியது. கடைக்காரர் தோளைத் தட்டி எழுப்பியபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது. "இதையே குடுங்க" என்றேன்.

முதல் நாள் மாலை அத்தான் என் தலையைத் தடவி, "வலியே தெரியல மச்சான்" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், வளைவே இல்லாத நெடுஞ்சாலையில், நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதினார். பிரேக் பிடித்த தடமே இல்லை என்று உங்கள் ஆட்களே எழுதியிருக்கிறார்கள். விபத்து என்று முடித்தும் விட்டீர்கள். விபத்து இல்லை சார், நான்தான் கொன்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஏன் வந்து சொல்கிறாய் என்கிறீர்கள். அந்தக் கிடங்கு முதலாளி தங்கமான ஆள். அத்தானுக்குக் கொடுத்த வாக்குக்காக அந்த வேலையை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறார். திங்கட்கிழமை வரச் சொல்லி நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். அக்கா என் சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருக்கிறாள்.

மனசாட்சி உறுத்தியதால் வந்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் உள்ளே போட்டுவிட்டால் உதவியாக இருக்கும்.