நாலு மணி நேரம் தாங்கும்

உங்கள் மேசையில் இருக்கும் லேப்டாப்பின் இடது பக்கக் கீல் தளர்ந்திருக்கிறது. திறக்கும்போதெல்லாம் மூடியை ஒரு கையாலும் அடிப்பாகத்தை இன்னொரு கையாலும் பிடித்துக்கொள்கிறீர்கள். உள்ளே இரண்டு திருகாணிகளை முறுக்கினால் போதும், கால் மணி நேர வேலை. புதிது வாங்கச் சொல்லி யாராவது உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் இடம் கொடுக்காதீர்கள். அதற்கு இன்னும் ஐந்தாறு வருடம் ஆயுசு இருக்கிறது.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவதில் எனக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. நடுவில் அழுதுவிடுவேன் என்று தண்ணீர் வைத்துவிட்டுப் போனீர்கள், அது அப்படியே இருக்கிறது. மூன்று நாளாக எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடக்கிறது. அதனால் எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுத முடியும் என்று நினைக்கிறேன்.

பழைய லேப்டாப்களைப் பிழைக்கவைப்பது என் தொழில். செத்துப்போச்சு என்று என்னிடம் கொண்டுவருகிறவற்றில் பத்துக்கு எட்டு சாகவே இல்லை. காற்றாடியில் தூசி அடைத்திருக்கும். ஹார்ட் டிஸ்க் கிழடு தட்டியிருக்கும், அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் எழுந்து ஓடும். நிஜமாகவே செத்ததையும் நான் எறிவதில்லை. திரை நன்றாக இருந்தால் அது இன்னொன்றுக்குப் போகும், திரை உடைந்திருந்தால் மீதியை டிவியோடு இணைத்துவிடலாம். எங்கள் சமையலறையில் மூடியே இல்லாத லேப்டாப் ஒன்று பன்னிரண்டு வருடமாகப் பாட்டுப் பாடுகிறது. தெருவில் எனக்கு 'ஒட்டு' என்று பெயர். அக்கா மகள் சின்ன வயதில் ஒட்டு மாமா என்றுதான் கூப்பிடுவாள். அதை நான் பட்டமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அக்காவும் நானும் ஒரே வீடு. முன்னறை என் கடை, அதை ஒட்டிய அறை அவளுக்கு, நடுவில் ஒரு திரைச்சீலை. அவளுடைய வீட்டுக்காரர் போன பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள், அப்படியே தங்கிவிட்டாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்தாறு வருடம் அவள்தான் சமைத்துப் போட்டாள், கடைசி ஐந்து வருடம் நான் சமைத்தேன். அவளுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்கூல் பை அளவுக்கு ஒரு ஆக்சிஜன் மெஷின். சிலிண்டர் கிடையாது, அறையில் இருக்கும் காற்றையே இழுத்துப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். கரண்ட் இருந்தால் கரண்டில் ஓடும், இல்லாவிட்டால் அதன் பேட்டரியில் ஓடும். அது நின்றால் அக்கா அதிக நேரம் தாங்கமாட்டாள் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

போன கோடையில் அந்த பேட்டரி வயதாகி இருபது நிமிடத்துக்கு மேல் நிற்காமல் போயிற்று. அக்கா மகள் இப்போது வேறு ஊரில் வங்கியில் இருக்கிறாள். கம்பெனியிலேயே புதிது ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்று போனில் சொன்னாள். அவசரப்படாதே என்று சொல்லிவிட்டு பழையதைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது லேப்டாப் பேட்டரிக்குள் இருக்கும் அதே உருளைச் செல்கள். கட்டைவிரல் நீளம், அதே தடிமன். மெஷின் கேட்பதும் லேப்டாப் கேட்கும் அதே பத்தொன்பது வோல்ட். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை இந்த அறையில் உட்கார்ந்து எழுதுவது சரியாக இருக்காது, ஆனால் இருந்தது. நான் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தது அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது.

பதினொரு பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைத்தேன். அறுபத்தாறு செல். ஒவ்வொன்றையும் முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கி, எவ்வளவு தாங்குகிறது என்று அதன் முதுகிலேயே பேனாவால் எழுதினேன். மூன்று வாரம் ஆயிற்று. நல்லதாக நாற்பதைப் பொறுக்கிப் பற்றவைத்து நீல உறை போட்டேன். அந்த நாற்பதில் ஆறு, அக்காவின் சொந்த லேப்டாப்பில் இருந்து எடுத்தவை. போன வருடம் நான் மாற்றியவை, எல்லாவற்றிலும் அவைதான் உயர்வு. அதற்குப் பிறகு அவளுடைய லேப்டாப் கரண்டில் மட்டும்தான் ஓடும். மகள் தினமும் மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிடுவது அதில்தான், விரல் வீங்கிப் போனதால் அக்காவுக்குப் போன் பிடிக்க வராது. எடுத்துக்கோடா, அது எங்க போகப்போகுது, கட்டில் பக்கத்துலதான கிடக்கு என்று அவளே சொன்னாள்.

மகள் ஊருக்கு வந்தபோது நீல உறையைப் பார்த்துவிட்டாள். இது என்ன என்று கேட்டாள். சொன்னேன். எவ்வளவு நேரம் தாங்கும் என்றாள். நாலு மணி நேரம் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்குப் பெரிதாகத் தோன்றியிருக்காது. நான் செல்களின் முதுகில் இருந்த எண்களைக் காட்டப் போனேன். அவள் பார்க்கவில்லை.

"எல்லாத்தையும் ஒட்டிவெச்சே ஓட்டிடலாம்னு நினைக்காதீங்க மாமா," என்றாள். "அது லேப்டாப் இல்ல. எங்கம்மா."

எனக்குச் சுருக்கென்றது. அக்காதான் கட்டிலில் இருந்தபடி, "அவன் செஞ்சா சரியாத்தான் இருக்கும், விடுடி," என்றாள். மகள் விடவில்லை. ஊருக்குப் போன ஒரு வாரத்தில் புது பேட்டரியை கூரியரில் அனுப்பிவிட்டாள். கையெழுத்துப் போட்டு நான்தான் வாங்கினேன். பெட்டியின் மேல் மூன்றரை மணி நேரம் என்று அச்சடித்திருந்தது. நான் சொன்னதைவிட அரை மணி நேரம் குறைவு. அதைப் பிரிக்காமல் என் வேலை மேசைக்கு அடியில் தள்ளினேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து, புதுசு வந்துடுச்சா என்று அக்கா கேட்டாள். வந்துச்சு, இருக்கட்டும் என்றேன். மாட்டிட்டேன்னே அவகிட்ட சொல்லிடு, இல்லன்னா நச்சரிப்பா என்றாள் அக்கா. அப்படியே சொன்னேன். என்னை விட்டுக்கொடுக்காமல் இருப்பதில் அவள் எப்போதும் அப்படித்தான்.

இதற்கு இடையில் இன்னொரு விஷயமும் செய்தேன், நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பேட்டரி இறங்கும்போது அந்த மெஷின் விட்டுவிட்டுக் கத்தும். பழைய பேட்டரி இருந்த நாட்களில் கத்திக்கத்தி அக்காவின் தூக்கத்தைக் கெடுத்தது. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு ஒலிப்பான், பற்றவைத்த இரண்டே கம்பிக் கால்கள். கழற்றிவிட்டேன். அதையும் எறியவில்லை. நீங்கள் என் கடைக் கதவைத் திறந்து வந்தபோது கூவியது அதுதான்.

நீலப் பேட்டரியை முதலில் பல்பு போட்டுச் சோதித்தேன். நாலு மணி பத்து நிமிடம் எரிந்தது. ஆனால் பல்பு மூச்சு விடாது. இந்த மெஷின் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முறை காற்றைத் தள்ளுகிறது, மூச்சு வேகமானால் அதுவும் வேகமாகத் தள்ளும். ஆள் மாட்டியிருக்கும்போது எவ்வளவு தாங்கும் என்பதை ஆளை வைத்துத்தான் பார்க்க முடியும். இதைத் தொழில் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், சரி என்பார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்குக் கரண்ட் போனது. நோட்டில் முதல் வரி அதுதான். கரண்ட் போயிடுச்சுக்கா, பயப்படாத, நம்ம பேட்டரில ஓடுது என்றேன். அவள் தலையாட்டினாள். கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு மீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வோல்ட் எழுதினேன். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு ஊட்டினேன், பாதிதான் சாப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி சண்டையைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தாள். வோல்ட் நான் எதிர்பார்த்த கோட்டிலேயே இறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு மணிக்கு மகளின் அழைப்பு வரவில்லை. அக்காவின் லேப்டாப்பில் செல் இல்லையே, கரண்ட் இல்லாமல் அது வெறும் பலகை. என் போன் கடை மேசையில் மூன்று முறை அதிர்ந்தது. எழுதிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. இரண்டேகாலுக்கு அக்கா எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை.

"தம்பி, மூச்சு பத்தலடா. அந்தப் புதுசை எடுத்து மாட்டு."

"இன்னும் கொஞ்ச நேரம்தான்க்கா. நாலு மணி நேரம் ஆயிடட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் மடியில் இருந்த நோட்டைப் பார்த்தாள்.

"எழுதிட்டு இருக்கியா?"

"ஆமாக்கா."

அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கை மட்டும் மெஷினைத் தொட்டபடி இருந்தது.

இரண்டு நாற்பதுக்கு மூன்றரை மணி நேரம் முடிந்தது. அதாவது பெட்டியில் அச்சடித்திருந்ததை அப்போதே தாண்டிவிட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் நான் அக்கா மகளிடம் மூன்றரை என்று சொல்லவில்லை, நாலு என்றுதான் சொன்னேன்.

மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு மெஷின் நின்றது. ஒலிப்பான் இல்லாததால் சத்தம் எதுவும் வரவில்லை. மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம் என்று எழுதி அடிக்கோடு போட்டேன். சூடாகியிருக்கிறதா என்று கை வைத்துப் பார்த்தேன், பேட்டரியை. வெதுவெதுப்புதான், குறை சொல்ல முடியாது. பிறகுதான் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் எந்த நிமிடத்தில் போனாள் என்று நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். எனக்குத் தெரியாது. நோட்டில் இருபத்தைந்து வரி இருக்கிறது, அவளைப் பற்றி ஒரு வரி இல்லை.

இப்போது அந்தத் தையல்காரர் விஷயம். எதிர்வீட்டில் அன்றைக்குக் காலையில் இருந்து மாலை வரை தன் தையல் மெஷின் நிற்காமல் ஓடியது, தெருவில் கரண்ட் போகவே இல்லை என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வது சரிதான், மனிதர் பொய் பேசமாட்டார். கரண்ட் போகவில்லை. கடைக் கதவுக்குப் பின்னால் மெயின் சுவிட்ச் இருக்கிறது, அதை நான்தான் இறக்கினேன். பிளக்கை மட்டும் பிடுங்கியிருந்தால் அக்கா பார்த்துவிடுவாள், பார்த்தால் பதறுவாள், பதறினால் மூச்சு வேகமாகும், கணக்கு தப்பிவிடும். கரண்ட் போய்விட்டது என்றால் யாரும் பதறமாட்டார்கள். மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு அதே சுவிட்சைத் தூக்கிவிட்டேன். மின்விசிறி சுற்றியது, சமையலறையில் பாட்டு வந்தது, அக்காவின் லேப்டாப் தானாக எழுந்து உடனே மகளின் அழைப்பைக் காட்டியது. மெஷினும் ஓட ஆரம்பித்தது. அக்கா மட்டும் அப்படியே இருந்தாள். நான் அழைப்பை எடுத்தேன். அம்மா எங்க மாமா என்றாள். தூங்குறா என்றேன்.

புது பேட்டரி அந்த நேரம் முழுவதும் என் மேசைக்கு அடியில் இருந்தது. கட்டிலில் இருந்து எட்டு அடி, நீங்களே டேப் பிடித்து அளந்தீர்கள். சுவிட்ச் பதினாறு அடி. எந்த நிமிடத்திலும் எழுந்து போயிருக்கலாம், என்னை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. ஆகவே நீங்கள் நேற்று எழுதி வைத்திருந்த வாக்கியம் சரி, அக்காவை நான்தான் கொன்றேன். அதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அதில் விட்டுப்போயிருக்கிறது, அதையும் சேர்த்துவிடுங்கள் மேடம். மெஷினின் பக்கவாட்டில் ஆக்சிஜன் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் இருக்கிறது. டாக்டர் வைக்கச் சொன்னது இரண்டு, காலையில் நான் வைத்ததும் இரண்டு. நீங்கள் எடுத்த போட்டோவைப் பாருங்கள், மூன்றில் நிற்கிறது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபோது அக்கா தன் கையாலேயே திருப்பியிருக்கிறாள். மூன்றில் ஓடினால் பேட்டரி வேகமாக இறங்கும். அந்த எட்டு நிமிடம் போனது அதில்தான். இரண்டிலேயே விட்டிருந்தால் நாலு மணி நேரம் தாங்கியிருக்கும். இதை அவள் மகளிடம் சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் நம்பமாட்டாள்.