ஓய்வுநாள் சாயங்காலம்

– திரும்பவும் கேக்கேன் ராஜதுரை அண்ணாச்சி. சனிக்கிழமை நீங்க எங்க வீட்டுக்கு வாரப்போ பொழுது அடைஞ்சிருந்துச்சா, இல்லையா?

– முதல்ல கஞ்சியைக் குடி ஞானபூரணம். ஆறிரும்.

– குடிக்கேன். பதில் சொல்லுங்க.

– இது என்ன எமர்ஜென்சியா? சொல்லாட்டி உள்ள தூக்கிப் போட்டுருவியா?

– சொல்லுங்கன்னா...

– அடைஞ்சிருந்துச்சு... அடைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு.

– மாதிரியா? பொழுது அடைஞ்சாத்தானே உங்க ஓய்வுநாள் முடியும்? நாலாவது கட்டளையைக் காப்பாத்த ஒம்பதாவது கட்டளையை உடைக்கீங்க அண்ணாச்சி. பொய் சொல்லக் கூடாதுல்லா?

– கட்டளையைப் பத்தி யாரு பேசுதா பாரு! கர்த்தர் ஏழாம் நாளைக் குடுத்தா, அதைத் தூக்கி ஞாயித்துக்கிழமைக்கு வச்ச சபைக்காரி!

– நீங்க மட்டும் என்னவாம்? சனிக்கிழமை அடுப்பே பத்த வைக்காம, பழையதைத் தின்னுட்டு, யூதருங்க மாதிரி...

– இயேசு யாரு? அவரும் யூதன்தானே?

– அவருதான் ஓய்வுநாள்ல சீக்காளியக் குணமாக்கி எல்லார்கிட்டயும் ஏச்சு வாங்குனாரு. நாம நியாயப்பிரமாணத்துக்குக் கீழ இல்ல, கிருபைக்குக் கீழன்னு பவுலு...

– பவுலு, பவுலு! அந்தப் பவுலு ஓய்வுநாள்ல எங்க போனாரு? ஜெப ஆலயத்துக்கு!

– சரி சரி... ஆஸ்பத்திரியில கத்தாதீங்க. பக்கத்துக் கட்டில்காரி முழிக்கா.

– காலு எப்படி இருக்கு?

– வீக்கம் வத்திருச்சு. பாம்பை நீங்க பாத்தீங்களா?

– பாம்பு எங்க இருந்துச்சு? நீதான் விறகு அடுக்குப் பக்கத்துல கிடந்த. என்ன தங்கச்சின்னு கேட்டா, "நல்லது"ன்னு சொன்ன. மாப்பிள்ளை வீட்டுக்காரன் வந்தது நல்லதுன்னு சொல்லுதியோன்னு நினைச்சிட்டேன்!

– ஏ... சிரிக்க வைக்காதீங்க. காலு இழுக்கி.

– காலைப் பாத்தப்புறம்தான் நீ சொன்னது நல்ல பாம்பைன்னு புரிஞ்சிச்சு.

– இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா ஊசி போட்டும் பிரயோஜனம் இல்லைன்னு டாக்டர் சொன்னாரு. பொழுது அடையட்டும்னு நீங்க இருந்திருந்தா...

– அதை ஏன் நினைக்க? கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

– மைதீன் பாட்சா அண்ணனுக்கும்தான். தள்ளுவண்டியில இருந்த நூல் மூட்டையெல்லாம் ரோட்டுலயே இறக்கிப் போட்டாராமே?

– ஆமா. உன்னை ஏத்திட்டு அவரு இழுக்காரு, நான் தள்ளுதேன். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் வேற. "வழி, வழி"ன்னு கத்தி எனக்குத் தொண்டையே போச்சு.

– ஓய்வுநாள்ல சுமையைக் கொண்டு போகக் கூடாதுல்லா அண்ணாச்சி?

– உன்னைப் போயி சுமைன்னு சொல்லலாமா?... கொஞ்சம் கனம்தான்.

– ஐயோ... உங்க சபையில ஒண்ணும் கேக்கலையா?

– மூப்பர் நேத்துக் கூப்பிட்டுவிட்டாரு.

– நீக்கிட்டாங்களா?

– இல்ல தாயி. உயிருக்கு ஆபத்துன்னா ஓய்வுநாளை மீறலாம்னு யூதபோதகருங்களே எழுதி வச்சிருக்காங்களாம். வண்டி தள்ளுனதுல குத்தமில்லன்னுட்டாரு. ஆனா... "ஓய்வுநாள் முடியுமுன்ன நம்ம பனவடலிசத்திரத்துல இருந்து எதுக்குடே சைக்கிள் மிதிச்ச?"ன்னு கேட்டாரு.

– பாத்தீங்களா! அப்போ பொழுது அடையல!

– அடையல. கோயில் கோபுரத்துல வெயில் அடிச்சிக்கிட்டுதான் இருந்துச்சு. போதுமா?

– மூப்பருக்கு என்ன பதில் சொன்னீங்க?

– கஞ்சித் தூக்கை எடுத்துட்டு இங்க வந்துட்டேன்.

– அண்ணாச்சி...

– என்ன, அழுத?

– எம்மவ எஸ்தருக்கு அப்பாவும் இல்ல. நானும் போயிருந்தா புளியங்குடி ஹாஸ்டல்ல இருந்து எம்புள்ள எங்க வரும்? உங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்... இந்தாங்க, ஒரு வார்த்தை சொல்லிட்டேன். உங்க எசேக்கியேலுக்குத்தான் எம்மவ. சனிக்கிழமை உங்க வீட்டுல அவ அடுப்பு பத்த வைக்க மாட்டா.

– ஞாயித்துக்கிழமை அவ சபைக்கு அவ போகட்டும். எம்மவனே சைக்கிள்ல கொண்டு விடுவான்.

– அப்போ ஒரு மருமகளுக்கு வாரத்துல ரெண்டு நாள் லீவா?

– பாட்சா பேச்சைக் கேட்டா வெள்ளிக்கிழமையும் சேந்துரும்.

– அவ ரத்தப் பொரியல்னா உசிரை விடுவா, அண்ணாச்சி...

– அது மட்டும் வேண்டாம் தாயி! ரத்தம் கூடாதுன்னு அப்போஸ்தலர்களே சொன்னது. பவுலும் கூட இருந்தாரு!

– சரி. ஆசைப்பட்டா எங்கிட்ட வந்து தின்னுக்கிடட்டும்.

– எங்கிட்டச் சொல்லாம தின்னா சரி... ஏன் தங்கச்சி, எனக்கு ஒரு ஆச்சரியம். "ஓய்வுநாள் சாயங்காலம் வாங்க, பேசி முடிவு பண்ணுவோம்"னு நீ சொல்லிவிட்ட. எனக்கு ஓய்வுநாள்னா சனி. உனக்கு ஞாயிறு. அந்த ஒரு வார்த்தையில நான் ஒரு நாள் முந்தி வந்தேன், நீ பிழைச்ச. கர்த்தர் தப்பைக்கூட எப்படித் திருப்புதாரு பாரு!

– தப்பு இல்ல அண்ணாச்சி. நான் சனின்னு தெரிஞ்சேதான் சொல்லிவிட்டேன்.

– ம்.

– நீங்க வந்து பூட்டுன வீட்டைப் பாக்கணும். கேட்டா, "எங்களுக்கு ஓய்வுநாள் ஞாயிறுல்லா?"ன்னு சொல்லிக்கிடலாம். கோவத்துல நீங்களே சம்பந்தத்தை முறிச்சிருவீங்க, உங்க மவனை ஆசைப்பட்ட எம்மவ என்னைய வைய மாட்டான்னு... கொல்லைக் கதவைப் பூட்டிட்டுக் கிளம்பத்தான் அந்த விறகு அடுக்குப் பக்கம் போனேன். என்னைய மன்னிச்சிருங்க.

– தெரியும் தங்கச்சி. உன் விரலைப் பிரிச்சுப் பூட்டை எடுத்ததே நான்தான்.

– தெரிஞ்சுமா தினமும் கஞ்சி கொண்டு வாரீங்க? ஏன் அண்ணாச்சி?

– ஞாயித்துக்கிழமை சபைக்காரி சம்பந்தம் வேண்டாம்னு உன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போகணும்னுதான் நானும் வந்தேன். அந்த ஆத்திரத்துல, பொழுது அடையுற வரைக்கும் எனக்குப் பொறுக்கல.